குன்னூர்: ரயில் ஒன்பது ஆண்டுகள் வந்து நின்ற ஊர்

ஊட்டிக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் குன்னூர் என்பது வழியில் வண்டியை ஓரங்கட்டி ஒரு டீ குடித்து, நேரமிருந்தால் சிம்ஸ் பூங்காவை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் ஏறிக் கிளம்புகிற ஊர். சுற்றுலா ஏஜென்ட்டுகளும் அப்படித்தான் விற்கிறார்கள், ‘ஊட்டி இரண்டு நாள், போகும் வழியில் குன்னூர்’ என்று. கொஞ்சம் சின்ன ஊட்டி, கொஞ்சம் குளிர் குறைந்த ஊட்டி, அவ்வளவுதானே என்கிற நினைப்பு. ஆனால் இந்த இரண்டு ஊரும் ஒரே மலையில் 19 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தாலும் உருவான விதமே வேறு. ஊட்டி வெயிலுக்குத் தப்பி வந்த கவர்னருக்கும் துரைமாருக்கும் கட்டிய ஊர்: ஏரி வெட்டினார்கள், தாவரவியல் தோட்டம் போட்டார்கள், கோடையில் சென்னை மாகாண அரசாங்கமே மூட்டை முடிச்சோடு ஏறிப்போய் அங்கே உட்கார்ந்தது. குன்னூர் வேலைக்காக வளர்ந்த ஊர்.

2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் இருந்தவர்கள் 45,000 சொச்சம் பேர்தான். சமவெளியில் அந்த அளவுள்ள ஊர் என்றால் ஒரு தாலுகா ஆபீஸ், ஒரு பஸ் ஸ்டாண்டு, நாலு கல்யாண மண்டபம் இருக்கும். குன்னூரிலும் அதை ஒட்டியும் இருப்பவை: தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட், துப்பாக்கி மருந்து ஆலை, முப்படை அதிகாரிகளும் படிக்கிற கல்லூரி, மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம், தேயிலை ஏல மையம், தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் தலைமை அலுவலகம். இத்தனையும் ஏன் இங்கே வந்து குவிந்தன என்று கேட்டால்தான் இந்த ஊரின் கதை பிடிபடும். என் கணிப்பில் பெரிய காரணங்கள் இரண்டு. மலையின் அமைப்பு ஒன்று, ஒன்பது ஆண்டுகள் ரயில் இந்த ஊரைத் தாண்டாமல் நின்றது இன்னொன்று.

முதலில் மலை. நீலகிரி என்பது கூம்பு மாதிரி ஒரு மலை கிடையாது, மேலே ஏறிவிட்டால் அலையலையாகப் பரந்து கிடக்கும் மேட்டுநிலம். அதன் தென்கிழக்கு ஓரத்தில், மேட்டுநிலம் முடிந்து மலை சட்டென்று கீழே இறங்குகிற இடத்தில் குன்னூர் இருக்கிறது. ஊருக்குள் ஓடுகிற குன்னூர் ஆறு காட்டேரி ஆற்றோடு சேர்ந்து அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் கீழே போகிறது. கீழே இருந்து மேலே வருவதற்கும் அதே பள்ளத்தாக்குதான் வழி. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், குன்னூர் ரயில் நிலையம் 1,711 மீட்டர். ஊரின் மேல்பகுதி இன்னும் உயரம், சுமார் 1,850 மீட்டர். மேற்கே தொட்டபெட்டா தொடர் குறுக்கே நிற்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே வேகம் குறைந்துதான் வரும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நேராக முகத்தில் அடிக்கும். ஜூலையில் ஊட்டி நனைந்துகொண்டிருக்கும்போது குன்னூரில் துணி காயப்போடலாம் என்று சொல்வது மிகை இல்லை. இந்த மழைக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து நீலகிரியைக் ‘கண்டுபிடித்தார்’ என்று இன்னும் சில இடங்களில் எழுதுகிறார்கள். அப்போது இந்த மலையில் படுகர்கள் ராகியும் சாமையும் விளைவித்துக்கொண்டிருந்தார்கள், தோடர்கள் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள், சரிவுகளில் குறும்பரும் இருளரும் இருந்தார்கள், எல்லாருக்கும் நடுவே பண்டமாற்று நடந்துகொண்டிருந்தது. குன்னூருக்குப் பக்கத்தில் பக்காசூரன் மலையில் திப்பு சுல்தான் காலத்துக் காவல்கோட்டையின் சிதைவு இன்றும் கிடக்கிறது. கீழே சமவெளியை வேவு பார்க்கக் கோட்டை வைத்திருந்த மலையை யார் வந்து கண்டுபிடிப்பது? சல்லிவன் செய்தது வேறு வேலை, அவர் பாதை போட வைத்தார். 1820களின் தொடக்கத்தில் போட்ட முதல் பாதை சிறுமுகைப் பக்கமிருந்து கோத்தகிரிக்கு ஏறியது. அதனால் துரைமார்கள் முதலில் குடியேறியதும் கோத்தகிரிப் பக்கம்தான். சல்லிவன் தங்கிய பங்களா கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் இப்போது நினைவகமாக இருக்கிறது.

1830களின் தொடக்கத்தில் குன்னூர் வழியாக இன்னொரு மலைப்பாதை வெட்டப்பட்டதும் நிலைமை மாறியது. ஊட்டிக்குப் போக அதுவே வசதி என்று ஆளும் சரக்கும் இந்தப் பக்கம் திரும்ப, கோத்தகிரி ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. இன்றைக்கும் கோத்தகிரி நீலகிரியிலேயே அமைதியான ஊராக இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் கிட்டத்தட்ட இருநூறு வருடத்துக்கு முன்னால் பாதை மாறிப் போனதுதான். அப்புறம் மாட்டுவண்டி ஏறுகிற மாதிரி சரிவு குறைத்து 1870களில் குன்னூருக்கு இன்னொரு சாலை போட்டார்கள். அந்த வேலையைப் பார்த்த கர்னல் லா என்பவர் பெயரில்தான், மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் லாஸ் நீர்வீழ்ச்சி. இந்தியாவில் ரோடு போட்ட இன்ஜினியர் பேரை அருவிக்கு வைத்த ஊர் வேறு இருக்கிறதா தெரியவில்லை, ஆனால் இந்த ஊரின் சுபாவத்துக்கு அது பொருத்தம்தான்.

சரி, ரயிலுக்கு வருவோம். மலைக்கு ரயில் விட வேண்டும் என்ற பேச்சு 1854-லேயே தொடங்கிவிட்டது. மலை ரயிலில் பேர்பெற்ற சுவிட்சர்லாந்து இன்ஜினியர் நிக்லாஸ் ரிகன்பாக் 1882-ல் ஒரு திட்டம் கொடுத்தார், 1885-ல் கம்பெனி தொடங்கினார்கள், 1891-ல் மண் வெட்டினார்கள், நடுவில் கம்பெனி பணமில்லாமல் மூழ்கி, புதுக் கம்பெனி வந்து, ஒருவழியாக 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஓடியது. பேச்சு எடுத்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் 45 வருடம்.

இத்தனை இழுபறிக்கு ஒரே காரணம் சரிவு. மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் சுமார் 20 கிலோமீட்டருக்கு ஏற்றம்தான், மிகச் செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு மீட்டர் சொச்சம் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே ஏற வேண்டும். சாதாரண ரயிலுக்கு 40 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்றாலே மூச்சு முட்டும், இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வெட்டிய பட்டைகள் இரண்டைப் பக்கத்துப் பக்கமாகப் பதித்தார்கள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருகிற மாதிரி. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைப் பிடித்துப் பிடித்து ஏறும், எந்த நேரமும் ஏதாவது ஒரு பல் கடித்துக்கொண்டே இருக்கும். இந்த முறைக்கு ஆப்ட் முறை என்று பெயர். நீராவி இன்ஜினில் இரண்டு ஜோடி சிலிண்டர்கள் உண்டு. ஒரு ஜோடி சாதாரணச் சக்கரங்களை ஓட்டும், அதில் வேலை முடித்து வெளியேறும் நீராவியே மறு ஜோடிக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். சமதளத்தில் இரண்டாவது ஜோடிக்கு வேலை இல்லை, கல்லாறு தாண்டியதும்தான் அது சேரும், சத்தமும் அப்போதுதான் மாறும். இன்னொன்று, இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது, கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். ஏதாவது அறுந்தால் பெட்டிகள் பின்னோக்கி ஓடிவிடக் கூடாது என்பதற்காக. பெட்டிக்குப் பெட்டி பிரேக் போட ஆள் நிற்பதும் அதற்குத்தான்.

ஊட்டி வரை ரயில் போய்ச் சேர்ந்தது 1908-ல். 1899-க்கும் 1908-க்கும் நடுவில் ஒன்பது வருடம் ரயில் குன்னூரோடு சரி. மேட்டுநிலம் முழுக்கப் போக வேண்டிய அரிசி, உப்பு, இரும்பு, மெஷின், தபால், நோயாளி, சிப்பாய் எல்லாம் குன்னூரில் இறங்கித்தான் வண்டி மாற வேண்டும். கீழே போக வேண்டிய காப்பி, தேயிலை, உருளைக்கிழங்கு குன்னூருக்கு வந்துதான் ரயிலேற வேண்டும். அந்தக் காலத்தின் தடயம் ரயில் நிலையத்திலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் ரயில் குன்னூருக்குள் வந்து நின்ற பிறகு, நேராக ஊட்டிக்குப் போகாது, கொஞ்ச தூரம் பின்னால் வந்து வேறு தடம் பிடித்துத்தான் மேலே ஏறும். கடைசி நிலையமாகக் கட்டிய இடத்தை இடைநிலையமாக்கினால் அப்படித்தான் ஆகும். நீராவி இன்ஜினும் இங்கேயே கழன்றுகொள்ளும், மேலே ஊட்டி வரை டீசல் இன்ஜின்தான்.

அந்த ஒன்பது வருடத்துக்குள் நடந்த இரண்டு விஷயங்களைப் பாருங்கள். 1903-04-ல் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை வந்தது. 1907-ல் குன்னூரில் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் திறந்தார்கள். இரண்டுக்கும் குளிர்ச்சியான இடம் வேண்டும், அதே சமயம் ரயில் வசதியும் வேண்டும். அன்றைக்கு நீலகிரியில் இரண்டும் சேர்ந்து கிடைத்த இடம் இது ஒன்றுதான்.

கார்டைட் என்பது புகை வராத துப்பாக்கி மருந்து, தோட்டாவையும் பீரங்கிக் குண்டையும் உந்தித் தள்ளுவது. ஆலைக்கு மின்சாரம் வேண்டுமே, அதற்காகக் காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் அமைத்தார்கள். பைக்காரா மின் நிலையம் 1930களில்தான் வந்தது, காட்டேரி அதற்குக் கிட்டத்தட்ட முப்பது வருடம் மூத்தது. அதாவது இந்தப் பக்கத்து மின்சார வரலாறு வீட்டு விளக்கில் தொடங்கவில்லை, வெடிமருந்தில் தொடங்கியது. ஆலை இன்றும் ஓடுகிறது. 2021 அக்டோபரில் பாதுகாப்புத் துறை ஆலைகளைக் கம்பெனிகளாகப் பிரித்தபோது இது மியூனிஷன்ஸ் இந்தியா கம்பெனிக்குக் கீழே வந்தது. அருவங்காட்டில் தலைமுறை தலைமுறையாக ‘ஃபேக்டரி’ என்றால் இது ஒன்றுதான்.

பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டின் கதை இன்னும் சுவாரசியம். 1902-ல் நாய் கடித்த ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநோயால் இறந்துபோனார். அப்போது இந்தியாவில் வெறிநாய்க்கடிக்கு ஊசி போட முறையான இடம் இமயமலைப் பக்கம் கசௌலியில் இருந்தது. தெற்கே கடிபட்டவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் நாள் கடந்துவிடும். வைஸ்ராய் கர்சனிடம் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் நல்ல காரியத்துக்கு என்று கொடுத்திருந்த பணத்தில் ஒரு லட்ச ரூபாய் இதற்கு ஒதுக்கப்பட்டு, தெற்குக்கென்று ஒரு நிறுவனம் குன்னூரில் எழுந்தது. கடிபட்டவர்கள் சிகிச்சைக்கு மலையேறினார்கள், தங்கினார்கள், ஊசி போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

இங்கேயே ஒரு மூலையில் இன்னொரு பெரிய காரியம் தொடங்கியது. ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் 1918 வாக்கில் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டில் ஓர் அறையை வாங்கிக்கொண்டு பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார், தவிடு நீக்கித் தீட்டிய அரிசியையே தின்றால் வருகிற நோய் அது. ஓர் அறை பிறகு முழு ஆய்வுக்கூடம் ஆனது. இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை எலிகளுக்குக் கூட்டம் கூட்டமாகக் கொடுத்துப் பார்த்தார் மெக்காரிசன். சப்பாத்தி, பால், தயிர், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபிச் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசிச் சாப்பாடு தின்ற மதராஸி எலிகள் நோஞ்சானாகிப்போயின. நம்ம ஊர் மலையில் உட்கார்ந்து நம் சாப்பாட்டுக்கு வாங்கிக்கொடுத்த மார்க் அது! அவருக்குப் பின் வந்த ஆக்ராய்டு காலத்தில், 1930களில், இந்திய உணவுப் பொருள்களில் எதில் எவ்வளவு சத்து என்ற அட்டவணைகள் இங்கிருந்து வெளியாகின. இந்த ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறிப்போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று நாடறிந்த பெயரோடு இருக்கிறது. ஊரில் இதற்கு ஒரு நல்ல அருங்காட்சியகம் வைத்தால் பத்து வியூ பாயின்ட்டுக்குச் சமம், யாருக்கும் தோன்றவில்லை.

பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் 1977-ல் இந்தியப் பாஸ்டியர் நிறுவனம் என்று தன்னாட்சி அமைப்பானது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசியும் இங்கே தயாரானது. 2008 ஜனவரியில் தயாரிப்புத் தரவிதிகளைப் பின்பற்றவில்லை என்று குன்னூர், கசௌலி, சென்னை கிண்டி ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 2010-ல் அந்தத் தடை விலக்கப்பட்டது. விதி தேவைதான், ஆனால் ஆலையைச் சீர்செய்ய அவகாசமும் பணமும் கொடுக்காமல் மூன்றையும் ஒரே நேரத்தில் மூடியதால் அரசுத் தடுப்பூசித் திட்டமே தனியார் தயாரிப்பை நம்பி நிற்க வேண்டி வந்தது. அந்த முடிவு சரியா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை.

வெலிங்டன் மட்டும் ரயிலுக்கு முந்தையது. அது படுகர்களின் ஜக்கதளா ஊரை ஒட்டிய இடம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சமவெளியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்துக்கொண்டிருந்ததால், 1850களில் இங்கே பாரக்ஸ் கட்டி, பிறகு வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அந்தப் பகுதி இன்னும் ‘பேரக்ஸ்’தான். 1758-ல் தொடங்கியதாகச் சொல்லும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இங்கே இருக்கிறது. ‘வீர மதராஸி, அடி கொல்லு’ என்ற போர் முழக்கத்தோடு ராணுவத்துக்குப் போகிற நம் பையன்கள் தயாராகிற இடம். பிரிவினையில் குவெட்டா ராணுவக் கல்லூரி பாகிஸ்தான் பக்கம் போய்விட, இந்தியாவுக்கான கல்லூரி வெலிங்டனுக்கு வந்தது. அதன் தலைவராக இருந்தவர்களில் ஒருவர், பின்னாளில் தரைப்படைத் தளபதியான சாம் மானெக்‌ஷா. ஓய்வு பெற்ற பிறகு அவர் குன்னூரிலேயே வீடு கட்டிக்கொண்டு, 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்ததும் இந்தக் கல்லூரிக்கு வரும் வழியில்தான். கண்மூடித் திறப்பதற்குள் மேகம் இறங்கி மலையை மூடுவது இந்தப் பள்ளத்தாக்கில் வாடிக்கை.

இனித் தேயிலை. நீலகிரியில் தேயிலையை 1830களிலேயே கேத்தியில் நட்டுப் பார்த்தார்கள், தோட்டமாக வளர்ந்தது 1850களுக்குப் பிறகு, அதில் முந்திக்கொண்டவை குன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்கள். இது துரைமார் கதை. சுற்றுலாப் பயணிக்குத் தெரியாத கதை சின்ன விவசாயிகளுடையது. குன்னூரிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரியும் பச்சை முழுக்கப் பெரிய எஸ்டேட் என்று நினைத்துவிடுவோம். அதில் ஏராளமானவை படுகர் குடும்பங்களின் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் துண்டுகள். அவர்கள் ராகியிலிருந்து உருளைக்கிழங்குக்கு வந்தார்கள். 1961-ல் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு நீலகிரியில் கண்டறியப்பட்டது, விலையும் ஏறி இறங்கியது, ஆண்டு முழுக்கக் கொழுந்து கிள்ளலாம் என்ற தேயிலை நிலையான வருமானமாகத் தோன்றியது. 1970, 80களில் சோவியத் யூனியன் தென்னிந்தியத் தேயிலையைக் கேள்வி கேட்காமல் வாங்கியபோது ஊரே தேயிலைக்கு மாறியது. 1991-ல் அந்த நாடே இல்லாமல் போனது. 90களின் கடைசியில் விலை சரிந்தபோது பச்சைத் தேயிலை கிலோவுக்குக் கிடைத்த காசு பறிக்கிற கூலிக்கே போதவில்லை. அதன் பிறகு விலை கொஞ்சம் ஏறும், இறங்கும், பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு உண்ணாவிரதம் நடக்கும். 2023-லும் நடந்தது.

விலை எப்படித் தீர்மானமாகிறது என்பதற்குக் குன்னூர்தான் இடம். சின்ன விவசாயிக்கு ஆலை கிடையாது, கிள்ளிய கொழுந்து அன்றன்றைக்கே ஆலைக்குப் போயாக வேண்டும், ஒரு நாள் வைத்திருந்தால் கருகிவிடும், அதனால் பேரம் பேச அவருக்கு நேரமே இல்லை. தனியார் ஆலை அல்லது இன்ட்கோசர்வ் கூட்டுறவு ஆலை கொழுந்தை வாங்கித் தூளாக்கி ஏலத்துக்கு அனுப்பும். 1963-லிருந்து குன்னூரில் ஏல மையம் இருக்கிறது, வாராவாரம் ஏலம். முன்பு ஒரே அறையில் கூவி ஏலம் விட்டார்கள், இப்போது கம்ப்யூட்டரில். ஏலத்தில் தூளுக்குக் கிடைத்த சராசரியை வைத்துக் கொழுந்துக்கு மாத விலை ஒன்றைத் தேயிலை வாரியம் அறிவிக்கும். அதாவது உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் முழுசும் இறங்கி இறங்கி கடைசியில் கொழுந்து கிள்ளுகிறவர் தலையில் வந்து உட்காரும், இடையில் இருக்கும் எவரும் தன் பங்கை விடுவதில்லை.

இன்னொரு தேயிலைக் கதை இலங்கையோடு சேர்ந்தது. 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த தமிழர்களில் லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் காட்டை வெட்டித் தேயிலை நட்டது. அதுதான் பின்னால் டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது, தலைமை அலுவலகம் குன்னூரில். ஹட்டன், நுவரெலியா என்று பேசுகிற பெரியவர்களைக் குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இன்றும் பார்க்கலாம். அவர்களை இறக்கிவிட்ட இந்த மலையில் நிலமோ வீட்டுப் பட்டாவோ பலருக்கு இன்னும் கிடைக்கவில்லை, டேன்டீயும் நஷ்டத்தில் சுருங்கிக்கொண்டு வருகிறது.

சரி, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? சிம்ஸ் பூங்கா 1874-ல் தொடங்கியது, பள்ளத்தில் இறங்குகிற மாதிரி அமைத்த தோட்டம், சுமார் 12 ஹெக்டேர். ஊட்டி தாவரவியல் பூங்காவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், பூப்பாத்தியைவிட மரங்கள்தான் இங்கே விசேஷம், மே மாதப் பழக் கண்காட்சி நாட்களைத் தவிர்த்தால் நிம்மதியாக நடக்கலாம். லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் இரண்டும் ஒரே சாலையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள். டால்பின் நோஸிலிருந்து எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் கேத்தரின் அருவி தெரியும். காலையில் எட்டு, ஒன்பது மணிக்குள் போனால் தெரியும் என்று சேர்த்துக்கொள்ளவும், அதற்குப் பிறகு மேகத்துக்குத்தான் அனுமதிச் சீட்டு வாங்குவோம். பக்காசூரன் மலைக்கு எஸ்டேட் வழியாக நடந்துதான் ஏற வேண்டும், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது. கோட்டை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம், ஒரு சுவர்தான் மிச்சம். ஆனால் மேலே நின்று கீழே பார்த்தால் திப்பு ஏன் இங்கே ஆள் வைத்தார் என்று உடனே விளங்கும்.

தேயிலை ஆலை ஒன்றுக்குள் கட்டாயம் போய்ப் பாருங்கள், பல ஆலைகள் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகின்றன. வாடவைத்த கொழுந்தின் வாசனை தூளின் வாசனையே இல்லை, அறுத்த புல்லும் பழுத்த பழமும் கலந்த மாதிரி இருக்கும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் பறித்த தேயிலைக்கு நறுமணம் கூடுதல், கேட்டு வாங்கலாம். சாக்லேட் கடைகளில் செலவழிக்கிற நேரத்தைப் பேக்கரியில் வர்க்கி வாங்கச் செலவழியுங்கள். சித்திரையில் வந்தால் தந்தி மாரியம்மன் கோவில் திருவிழா இருக்கும், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சமூகத்தார் உபயம், மலைக்குப் பிழைக்க வந்த கூட்டம் எத்தனை வகை என்பதை அந்த ஊர்வலங்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இறங்கும்போது பர்லியாரில் நிறுத்துங்கள். அரசுப் பழப்பண்ணை உள்ள இடம், சீசனில் மங்குஸ்தானும் துரியனும் சாலையோரக் கடைகளில் கிடைக்கும்.

காட்டுமாடுகளைத் தேடிப் போக வேண்டாம், அவையே வரும். எஸ்டேட் ஓரத்திலும் குடியிருப்புத் தெருவிலும் ஆயிரம் கிலோவுக்கு நெருங்கிய மிருகம் நிதானமாக மேய்ந்துகொண்டிருக்கும், உள்ளூர்ப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். அது சாதுவாக இருக்கிறதே என்று செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள்தான் குத்துப்படுவது. சோலைக்காடும் புல்வெளியும் இருந்த இடத்தில் தேயிலையும் ரிசார்ட்டும் வந்துவிட்ட பிறகு அவை வேறு எங்கே போகும்? கரடியும் அப்படித்தான், அது ராத்திரி உத்தியோகம்.

குடிநீர்தான் ஊரின் பழைய தலைவலி. மழை கொட்டுகிற மலையில் ரேலியா அணைத் தண்ணீரை முறை வைத்து விடுகிறார்கள் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் செங்குத்துச் சரிவில் மழைநீர் நிற்காது, நின்று ஊறவைத்த சதுப்பும் புல்வெளியும் குறைந்துவிட்டன, ஊருக்குள் ஹோட்டல்கள் கூடிவிட்டன. அதே செங்குத்துச் சரிவு நவம்பரில் வேறு முகம் காட்டும். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிந்து மேட்டுப்பாளையம் சாலையையே அடித்துக்கொண்டு போனது, 40 பேரளவில் உயிரிழந்தார்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டி மாவட்டம் முழுக்க மண் சரிந்தது, அப்போதும் 40-க்கு மேல் சாவு. மழை இயற்கை, அதன் போக்கை யாரும் மாற்ற முடியாது. ஆனால் ஓடையின் மேல் வீடு கட்டுவதும், சரிவைச் செங்குத்தாக வெட்டி மூன்று மாடி எழுப்புவதும் அனுமதி கொடுத்து நடப்பவை.

அதனால் எப்போது போவது என்ற கேள்விக்கு என் பதில்: ஜனவரி முதல் மார்ச் வரை, அல்லது ஆகஸ்ட், செப்டம்பர். ஏப்ரல், மே மாதங்களில் பார்க்கப்போவது முன்னால் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைத்தான். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருக்கிறது, விதி அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரைதான் உண்மையான மலைப்பகுதி, பல்சக்கரமும் நீராவியும் அந்தத் துண்டில்தான். ஊட்டி வரை டிக்கெட் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட வேண்டாம், குன்னூரில் இறங்கிக்கொள்ளுங்கள். காலையில் ஒரே ரயில், முன்பதிவு திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை டிக்கெட் எடுத்தால் தண்டவாளத்தில் பாறை விழுந்து ரத்தாக வாய்ப்புண்டு, மாற்று ஏற்பாட்டை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். குன்னூர்ச் சாலையும் அடைபட்டுவிட்டால் போலீஸ் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடும், கோடை சீசனில் இறங்குகிற வண்டிகளுக்கும் பெரும்பாலும் அதுதான் வழி.